பிரம்பின் வயது

பிரம்பு நாற்காலி வாங்கப் போகிறவர் உட்கார்ந்து பார்ப்பதற்கு முன் அதைக் கவிழ்த்துப் பார்ப்பது நல்லது. மேற்புறம் கடைக்காரர் வசம் இருக்கிறது. பாலிஷ், துடைப்பு, வெளிச்சம் விழும் கோணம் என்று செய்ய வேண்டியதையெல்லாம் அவர் அங்கே செய்து முடித்திருப்பார். அடிப்புறத்துக்கு யாரும் மெனக்கெடுவதில்லை. ஆசாரியின் உளித்தடம், துருவேறிய ஆணி, சிலந்திக்கூடு, ஏதோ ஓர் அலுவலகத்தில் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய இருப்பு எண் எல்லாம் அங்கே அப்படியே கிடக்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நாற்காலியைக் கவிழ்த்ததுமே கடைக்காரரின் பேச்சு மாறுவதைக் கேட்கலாம். அதுவரை "ஒரிஜினல் பர்மா தேக்கு சார், செட்டியார் வீட்டுச் சாமான்" என்று பாடிக்கொண்டிருந்தவர், "அண்ணே, இதே தொழில்ல இருக்கீகளா?" என்று கேட்பார். இல்லை என்றால் நம்பமாட்டார். விலையும் மெல்ல இறங்கும்.

அந்தத் தெருவில் கிடைக்காத பழம்பொருள் இல்லை. எனாமல் அடுக்குச் சட்டிகள், ரவிவர்மா அச்சுப்படங்கள், பல்லாங்குழிகள், ஆள் உயரக் கதவு நிலைகள். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் செய்து நகரத்தார் கட்டிய வீடுகளிலிருந்து வந்தவை. 1942இல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்தபோது அந்த வரவு அறுந்தது. பிறகு ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் ஆனார்கள். வீட்டைப் பிரிக்க முடியாதவர்கள் சாமான்களைப் பிரித்துக்கொண்டார்கள். பிரித்ததைச் சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பில் வைக்க இடமில்லை. தெரு இப்படித்தான் நிறைந்தது. அங்கே நாற்காலிகள் உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கும். அல்லது ஒன்றன்மேல் ஒன்றாகக் கால் மாற்றிக் கிடக்கும். பாதிக்கு மேல் இருக்கை கிழிந்திருக்கும்.

அடிப்புறத்தில் முதலில் பார்க்க வேண்டியவை ஓட்டைகள். இருக்கைச் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருந்து, ஒவ்வொன்றிலும் பிரம்பு இறங்கி ஏறியிருந்தால் அது கையால் பின்னியது. துளையே இல்லாமல் சட்டத்தில் ஒரு காடி வெட்டி, தறியில் நெய்த பிரம்புப் பாயை அதற்குள் செருகி, ஒரு பட்டையை அடித்து இறுக்கியிருந்தால் அது ஆலைச் சரக்கு. பிரம்பைப் பாயாக நெய்யும் தறி அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கார்ட்னர் என்ற நாற்காலித் தொழில் ஊரில் 1870களில் ஓடத் தொடங்கியது. ஆகவே காடி வெட்டிய நாற்காலியைக் காட்டி யாராவது கிழக்கிந்தியக் கம்பெனி காலம் என்றால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். துளை இருப்பதாலேயே பழசு என்று ஆகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கையால் பின்னுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மோசமான மூன்றாவது வகை உண்டு. பழைய துளைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துவிட்டு, அதே சட்டத்தில் காடி வெட்டி ஆலைப் பாயைப் பதித்திருப்பார்கள். பின்னுகிற கூலியை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை. துளைத்த சட்டத்தில் காடியும் விழுந்தால் மரத்துக்கு என்ன பலம் மிஞ்சும்? கனமான ஆள் ஒருவர் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

பிறகு திருகாணிகள். தலையில் கூட்டல் குறி போட்ட ஸ்டார் ஸ்க்ரூ 1930களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. விக்டோரியா காலத்து நாற்காலியில் அது இருந்தால், அந்த நாற்காலி பின்னாளில் ஒரு ஆஸ்பத்திரிவாசம் முடித்து வந்திருக்கிறது என்று பொருள். அது குற்றமில்லை. எல்லா ஸ்க்ரூவும் ஸ்டாராக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

மரத்தைச் சோதிப்பதுதான் கடினம். ஏனென்றால் மரம் பெரும்பாலும் உண்மையிலேயே பழையது. இடித்த வீடுகளின் உத்தரங்களையும் கதவுகளையும் அறுத்துப் புது நாற்காலி செய்வது பழம்பொருள் சந்தையில் வெகுநாளாக நடக்கிற தொழில். மரத்துக்கு நூறு வயது, நாற்காலிக்கு ஒரு மாதம். கைப்பிடியின் உட்புறத்தில் சம்பந்தமில்லாமல் அடைத்த ஆணித்துளை ஒன்று தென்படும். எதற்கும் பொருந்தாத இடத்தில் ஒரு பொளிச்சல் இருக்கும். இதை மோசடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தேக்கை அடுப்புக்குப் போடாமல் நாற்காலியாக்கியவருக்கு ஒரு கும்பிடு போடலாம். அதைத் தாத்தா காலத்து நாற்காலி என்று விற்பதுதான் பிரச்சினை. உண்மையாகவே புழங்கிய நாற்காலியின் கைப்பிடி நுனிகள் உள்ளங்கை பட்டு உருண்டிருக்கும், பெரும்பாலும் வலப்பக்கம் கொஞ்சம் அதிகமாக. உப்புத்தாளால் அதை உருட்ட முயன்றால் இரண்டு பக்கமும் ஒரே சீராக உருண்டுவிடும். கை அவ்வளவு நியாயம் பார்த்துத் தேய்ப்பதில்லை.

பழைய நாற்காலி வாங்குகிறவர்களை ஏமாற்றக் கடைக்காரர் தேவையில்லை. அவர்களுடைய ஆசை போதும். இதற்கு என்னிடம் உள்ள சிறந்த சாட்சி ஹோரஸ் வால்போல். பிரிட்டனின் முதல் பிரதமர் என்று சொல்லப்படுகிறவரின் மகன். 1764இல் வெளிவந்த 'தி காஸில் ஆஃப் ஒட்ரான்டோ' நாவலை எழுதியவர். லண்டனுக்கு அருகே ட்விக்கன்ஹாமில் ஸ்ட்ராபெரி ஹில் என்ற வீட்டை இடைக்காலக் கோட்டை மாதிரி கட்டிக்கொண்டு, அதை நிரப்பப் பழைய சாமான்களைத் தேடி அலைந்தார். எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சராக இருந்த கார்டினல் வுல்ஸி வாழ்ந்த ஈஷர் மாளிகையில் கருங்காலி நாற்காலிகளைப் பார்த்திருந்தார். முறுக்கிக் கடைந்த கால்கள், உடம்பெல்லாம் செதுக்கு வேலை. அவை எட்டாம் ஹென்றியின் காலத்தவை, வுல்ஸியே உட்கார்ந்தவை என்று முடிவு கட்டினார். 1763இல் ஓர் ஏலத்தில் அதே மாதிரி நாற்காலிகள் வந்தபோது விடவில்லை. வாங்கி ஸ்ட்ராபெரி ஹில்லில் போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தேடினார்கள். கருங்காலி நாற்காலி என்றால் டியூடர் காலம் என்ற நம்பிக்கை 19ஆம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்தது.

அவை நம் கரையில் செய்தவை. 17ஆம் நூற்றாண்டின் நடுவிலும் பிற்பகுதியிலும் டச்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் சோழமண்டலக் கரையின் தச்சர்கள் கடைந்து கொடுத்தவை. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்தார்கள். 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். வுல்ஸி இறந்தது 1530இல். அவர் செத்து நூறு வருடத்துக்குப் பிறகு, அவர் கேள்விகூடப் பட்டிராத கடற்கரையில் செய்த நாற்காலியில் அவரை உட்காரவைத்துவிட்டார் வால்போல். அந்த நாற்காலிகளில் பலவற்றுக்கு இருக்கை பிரம்புப் பின்னல். ஐரோப்பாவில் பிரப்பங்கொடி வளர்வதில்லை. பிரம்பு நாற்காலி அங்கே பரவியதே ஆசியாவிலிருந்து கப்பல்கள் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகுதான். அந்த நாற்காலிகள் எந்தத் திசையிலிருந்து வந்தவை என்பதற்கான துப்பு இருக்கையிலேயே இருந்தது. ஆனால் வால்போல் கண்ணை மரத்திலிருந்து எடுக்கவில்லை. மரத்தை மட்டும் பார்ப்பது பழம்பொருள் பிரியர்களின் பரம்பரை வியாதி.

பிரம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மூங்கில் உள்ளே கூடு. பிரம்பு உள்ளே கெட்டி. பனையின் உறவு, ஆனால் நிற்கத் தெரியாமல் முள்ளால் பிற மரங்களைப் பற்றிக்கொண்டு ஏறும். அதன் பளபளப்பான தோலைச் சீராக உரித்தால் நாற்காலி பின்னுகிற இழை கிடைக்கும். நீர்நிலை ஓரத்தில் நிற்கும் பிரம்பின் கனியைக் கெண்டை மீன் கவ்வும் காட்சி குறுந்தொகையிலேயே இருக்கிறது. தண்ணீரோடு அதற்கு உள்ள உறவு நாற்காலியான பிறகும் விடுவதில்லை. ஊறவைத்தால்தான் வளையும், காய்ந்தால் சுருங்கி விறைக்கும். பின்னுகிறவர் ஈரமாக இருக்கும்போதே இழுத்துக் கட்டிவிட்டுப் போகிறார், மிச்ச இறுக்கத்தைக் காற்று கொடுக்கிறது. தொய்ந்துபோன இருக்கையைக் கவிழ்த்து, அடிப்புறத்தை வெந்நீர்த் துணியால் நனைத்து ஓர் இரவு விட்டுவைத்தால் காலையில் மறுபடி தட்டு மாதிரி நிற்கும். மேற்புறத்தில் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, அங்கே தோலின் மெருகு தண்ணீரை உள்ளே விடாது. குளிர்சாதன அறையில் வருடக்கணக்காகக் கிடந்த நாற்காலி ஒரு நாள் பட்டென்று அறுவதும் இதனால்தான்; நீர்க்கரையில் வளர்ந்த கொடி தாகத்தில் சாகிறது.

லண்டனில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரம்பு நாற்காலி பரவியபோது கம்பளி வியாபாரிகள் அதைத் தடைசெய்யச் சொல்லி மனுப்போட்டார்கள். மெத்தை தைத்த நாற்காலி விற்காவிட்டால் கம்பளித் துணி விற்காது என்பது அவர்கள் கவலை. பிரம்பு நாற்காலி செய்கிறவர்கள் பதில் மனு போட்டார்கள். நீடித்து உழைக்கும், எடை குறைவு, தூசியும் பூச்சியும் அண்டாது என்பது அவர்களுடைய வாதம்.

பூச்சி அண்டாதாம். நம் ஊர் ரயில் நிலையங்களின் காத்திருப்பு அறைகளிலும் பழைய சினிமாக் கொட்டகைகளிலும் பிரம்பு இருக்கையில் உட்கார்ந்தவர்கள் யாரையாவது அந்த மனுக்களைக் கேட்ட சபைக்குச் சாட்சியாக அனுப்பியிருக்க வேண்டும். மூட்டைப்பூச்சிக்குப் பிரம்புப் பின்னலைவிட நல்ல வீடு கிடையாது. சட்டத்தில் துளைத்த ஒவ்வொரு துளையும் ஒரு தனி அறை. வீடுகளில் இதற்கு ஒரு நாள் வைத்திருந்தார்கள். நாற்காலிகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுவந்து, கொதிக்கிற தண்ணீரைத் துளை துளையாக ஊற்றுவார்கள். சிலர் மண்ணெண்ணெயைப் பீச்சுவார்கள். பழைய நாற்காலியின் அடிப்புறத்தை முகர்ந்து பார்த்தால் இன்றும் சிலவற்றில் மண்ணெண்ணெய் வாடை வரும். இது எந்தப் பழம்பொருள் கையேட்டிலும் எழுதப்படாத சோதனை; என் அனுபவத்தில் ஸ்டார் ஸ்க்ரூவைவிட நம்பகமானது. வாசனையைப் போலி செய்ய இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

சாதாரண நாற்காலியை விட்டுக் கைவைத்த நாற்காலியைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். கை என்பது வசதிக்காக மட்டும் வந்ததல்ல. பிரெஞ்சு அரசவையில் கைப்பிடி உள்ள இருக்கைக்கு யார் யாருக்கு உரிமை என்று விதி இருந்தது; கோமாட்டிகளுக்கே முதுகில்லாத முக்காலிதான். நம் அலுவலகங்களில் குமாஸ்தாவின் நாற்காலிக்குக் கை கிடையாது. அதிகாரியின் நாற்காலிக்குக் கையும் உண்டு, முதுகில் பிரம்பும் உண்டு, அதன்மேல் ஒரு வெள்ளைத் துண்டும் உண்டு. மலைத் தோட்டங்களின் பங்களா வராந்தாவில் கிடந்த நாற்காலிக்கோ கை காலுக்கும் சேர்த்து நீண்டது. இரண்டு கைப்பிடிகளுக்கும் அடியிலிருந்து ஒவ்வொரு பலகையை வெளியே திருப்பி, கால்களை அகட்டிப் பலகைக்கு ஒன்றாகத் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். சந்தையில் இதற்குப் பிளாண்டர்ஸ் சேர் என்று பெயர். நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் துரைமார் இதில் சாய்ந்தார்கள். கொழுந்துக் கூடையோடு வந்து நின்ற பெண்ணுக்கு அந்த வராந்தாவில் ஏறவே உரிமையில்லை. சேலை கட்டிய எவரும் இதில் உட்கார முடியாது என்பதைப் பார்த்தாலே இது யாருக்காகச் செய்தது என்று தெரிந்துவிடும். இன்று கடற்கரைச் சாலை விடுதிகளில் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். விலை கேட்டால் மயக்கம் வரும்.

கி.ராஜநாராயணனின் 'நாற்காலி' கதையில் ஒரு வீட்டில் ஆசையாகச் செய்த நாற்காலி, ஊரில் யார் செத்தாலும் பிணத்தை உட்காரவைக்கக் கேட்டு வாங்கிப்போகும் சாமானாகிவிடுகிறது. நம் கிராமத்து வீடுகளில் நாற்காலி அவ்வளவு அண்மையில்தான் நுழைந்தது. அதற்கு முன் திண்ணை, பாய், மணைப்பலகை, ஊஞ்சல். ஆகவே பழைய நாற்காலி என்று நாம் வாங்குகிற பெரும்பாலானவற்றில் உட்கார்ந்திருந்தவர் அதிகாரியாகவோ பணக்காரராகவோ துரையாகவோதான் இருந்திருப்பார். என் தகப்பன் வழியில் யாரும் உட்கார்ந்திராத ஒரு நாற்காலிக்கு நான் பரம்பரை உரிமை கொண்டாடுவது வேடிக்கைதான். அது வெறும் வேடிக்கையாக மட்டும் இல்லாத இடங்களும் உண்டு. 2020இல் கடலூர் மாவட்டத்தில், ஊராட்சித் தலைவரான பட்டியல் சாதிப் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியாயிற்று. நாற்காலியைப் பற்றிப் பேசும்போது மரத்தையும் பாலிஷையும் மட்டும் பேசிவிட்டு எழுந்துபோக முடிவதில்லை.

பிரம்பு நாற்காலிச் சந்தை எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ள சண்டிகர் போக வேண்டும். 1950களில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியர் அந்த நகரை வரைந்தார்; அவருடைய உறவினர் பியர் ஜான்ரே அங்கேயே தங்கி 1965 வரை வேலை பார்த்தார். 1967இல் இறந்தபின் அவருடைய சாம்பலைச் சுக்னா ஏரியில் கரைத்தார்கள். தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம் என்று எல்லா இடத்துக்கும் ஆயிரக்கணக்கில் நாற்காலி வேண்டியிருந்தது. ஜான்ரேயும் யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் வரைந்தார்கள். உள்ளூர்த் தச்சர்கள் செய்தார்கள். தேக்குச் சட்டம், தலைகீழ் 'வி' போன்ற கால், இருக்கையும் முதுகும் பிரம்பு. கடையில் கிடைக்கிற மரமும் கையிலிருக்கிற கூலியும் போதும் என்று வடிவமைத்தது. ஆடம்பரம் என்ற எண்ணமே அதில் இல்லை.

முப்பது வருடத்தில் பிரம்பு அறுந்தது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அறுந்த நாற்காலியில் குமாஸ்தா உட்கார முடியாது. புதிதாகப் பின்னுவதைவிடப் புதிய சுழல் நாற்காலி வாங்குவது அலுவலகக் கோப்பில் சுலபம். பழையவை மொட்டைமாடிக்கும் கொட்டகைக்கும் போயின. விறகு விலைக்கு ஏலம் போயின. 1990களின் இறுதியில் பிரெஞ்சு வியாபாரிகள் வந்தார்கள். வாங்கிக் கப்பலில் ஏற்றி, பாரிஸில் மரத்தைத் தேய்த்து, புதுப் பிரம்பு பின்னி, சர்வதேச ஏலத்தில் வைத்தார்கள். விலை லட்சங்களில் போயிற்று. 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் இந்தச் சாமான்களை விற்கவும் வெளியே அனுப்பவும் கூடாது என்று உத்தரவிட்டது. அதற்குள் போக வேண்டியதெல்லாம் போய்விட்டது. ஏமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் 2013இல் 'ப்ராவனன்ஸ்' என்றொரு படம் எடுத்தார். ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளில் தொடங்கி ஏலக்கூடம், கப்பல் என்று பின்னோக்கிப் போய்ச் சண்டிகர் அலுவலகத்தில் முடியும் படம். பிறகு அந்தப் படத்தையே ஏலத்தில் விற்றார். எனக்குப் பிடித்த கிண்டல்.

சண்டிகர் நாற்காலிகளின் முதுகில் துறையின் எழுத்தும் இருப்பு எண்ணும் எழுதியிருப்பார்கள். இப்போது அந்தக் கிறுக்கலுக்குத்தான் விலை. எண் இல்லாவிட்டால் சந்தேகப்படுகிறார்கள். ஆகவே போலி செய்கிறவர்கள் முதலில் எண்ணைத்தான் எழுதுகிறார்கள். இதிலெல்லாம் எனக்கு வியப்பில்லை. எனக்கு உறுத்துவது வேறு. அந்த நாற்காலி குப்பைக்குப் போனது அதிலேயே மலிவான பொருள் அறுந்ததால். அது மறுபடி விலைபெற்றது அதே மலிவான பொருளை யாரோ திரும்பப் பின்னியதால். ஏலப் பட்டியலில் ஜான்ரே பெயர் இருக்கிறது, துறையின் பெயர் இருக்கிறது, தேக்கின் ரகம் இருக்கிறது. பின்னல் பற்றி இருந்தால் ஒரு குறையாக இருக்கும்: பிரம்பு பின்னாளில் மாற்றப்பட்டது.

மாற்றாமல் என்ன செய்வது? நன்றாகப் பின்னிய இருக்கை இருபது, முப்பது வருடம் தாங்கும். முன்விளிம்பு முதலில் அறும், தொடை அழுந்துகிற இடம் அதுதான். மின்விசிறியைத் துடைக்க யாராவது அதன்மேல் ஏறி நின்றால் ஒரே நாளில் முடிந்தது கதை. 1900இல் செய்த நாற்காலி இன்றும் உட்காரும்படி இருந்தால் அதற்கு நான்கைந்து முறையாவது புதுப் பின்னல் போட்டிருக்க வேண்டும். அதன் வயது என்று நாம் சொல்வது மரத்தின் வயது. அதை வாழவைத்தது ஒவ்வொரு தலைமுறையிலும் வந்து உட்கார்ந்து பின்னிவிட்டுப் போன ஒருவர். பிரம்பு நாற்காலியில் 'கைபடாத ஒரிஜினல்' என்று ஒன்று இருந்தால் அது நூறு வருடமாக யாரும் உட்காராத நாற்காலியாகத்தான் இருக்கும். அதைப் பெருமையாகச் சொல்லும் வியாபாரியை நான் நம்புவதில்லை. அப்படி ஒன்றை விரும்பி வாங்குகிறவரைப் புரிந்துகொள்ளவும் முடிவதில்லை.

பின்னியவர்களில் பலர் பார்வையற்றவர்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பார்வையற்றோர் பள்ளிகளில் நாற்காலி பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். நம் நாட்டிலும் அந்தப் பாடம் வந்தது. அரசு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் நாற்காலி பின்னுபவர் என்ற வேலைக்கு அவர்களை எடுத்தார்கள். நெடுக்கு ஒன்று, குறுக்கு ஒன்று, மறுபடி நெடுக்கு, பிறகு மேலும் கீழுமாகக் கோத்துச் செல்லும் குறுக்கு, இரண்டு மூலைவாட்டம், கடைசியில் துளைகளை மறைக்கும் விளிம்புக் கட்டு. மொத்தம் ஏழு நடை. மெத்தை வைத்த சுழல் நாற்காலியும் பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தபோது பிரம்பு போயிற்று. அதோடு அந்த வேலையும் போயிற்று. இடையில் கொஞ்ச காலம் பிளாஸ்டிக் ஒயர் ஓடியது. பிரம்பின் துளைகளிலேயே ஒயரைக் கோத்துப் பின்னினார்கள். ஒயர் அறுவதில்லை, நனைத்தாலும் இறுகுவதுமில்லை. ஒருமுறை தொய்ந்தால் தொய்ந்ததுதான்.

அப்படிப் பின்னுபவராக ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரை ஒரு நண்பர் மூலம் தெரியும். பார்வை இல்லாதவர். "மூலைவாட்டத்துலதான் சார் தப்பு வரும். கண்ணு இருக்கவங்க எட்ட நின்னு பார்த்துட்டு சரியா இருக்குன்னு போயிடுவாங்க. நாங்க ஒவ்வொரு கண்ணியையும் தொட்டாத்தான் அடுத்ததுக்குப் போக முடியும்" என்றார். என்னிடம் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வேலை மெதுவாக நடப்பதற்குக் காரணமாகச் சொன்னார். பிரம்பு விலையைப் பற்றித்தான் நிறையக் குறைப்பட்டுக்கொண்டார். உலகின் மிகப்பெரிய பிரம்பு விளைச்சல் நாடான இந்தோனேசியா 2012 முதல் பச்சைப் பிரம்பை வெளியே விடுவதை நிறுத்தியது அவர் காதுவரை எட்டியிருந்தது. சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே தைக்காலில் சாலையோரம் பிரம்பு ஊஞ்சலும் கூடையும் வரிசையாகத் தொங்குகின்றனவே, அங்கே இழை கிடைக்காதா என்று கேட்டேன். அங்கே செய்கிற சாமானுக்கு முழுப் பிரம்பு வேண்டும், நாற்காலிக்கு வேண்டியது சீராக உரித்த தோல், இரண்டும் வேறு வேறு சரக்கு என்றார்.

சென்னையில் பழைய நாற்காலி தேடுகிறவர்களுக்கு ஒரு காலத்தில் மூர் மார்க்கெட் இருந்தது. அது 1985இல் எரிந்தது. இப்போது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. வெயிலில், தரையில், பழைய குழாய்களுக்கும் துருப்பிடித்த தையல் மிஷின்களுக்கும் நடுவே. அங்கே ஒரு கைவைத்த நாற்காலியைப் பார்த்தேன். ஈட்டி மரம். இருக்கையும் இல்லை, முதுகும் இல்லை. வெறும் சட்டமும் சுற்றிலும் துளைகளும். துளைகளின் இடைவெளி ஒரே சீராக இல்லை.

"பிரேம் மட்டும்தான் சார். உக்கார முடியாது. நடுவுல தொட்டி வச்சு மணி பிளான்ட் விடுங்க, இப்ப எல்லாரும் அதுக்குத்தான் வாங்குறாங்க."

விலை அதற்கேற்பத்தான் இருந்தது. நான் அதிகம் பேரம் பேசவில்லை, ஆட்டோக்காரரிடம்தான் பேச வேண்டியிருந்தது. பின்னல்காரர் நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு முதலில் கூலியைச் சொன்னார். நாற்காலிக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நியாயமான கூலிதான், இருக்கை, முதுகு இரண்டும் பின்ன வேண்டும். சரி என்றேன்.

"பழசாத் தெரியணுமா சார்? கேக்குறவங்க கேக்குறாங்க. டீத்தூள் டிகாஷன் போட்டுத் தடவிக் காய வச்சா மரத்து நிறத்துக்கு வந்துரும்."

வேண்டாம், வெளேரென்றே இருக்கட்டும் என்றேன்.

"அப்ப ஒரு நாள் வேலை மிச்சம்" என்று சொல்லிவிட்டு, இழைக்கட்டை ஊறப்போட வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.